பூ இல்லாத செடியை இலையை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ரொம்ப முற்றிய இலை வேண்டாம், கொஞ்சம் இளசாக இருந்தால் நல்லது. பச்சைப் பரப்பு முழுக்க ஒளி கசியும் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். அவை ஓட்டைகள் அல்ல, எண்ணெய் நிறைந்த குழிகள். இலையைக் கசக்கும்போது கிளம்பும் வாசனை, அந்தக் குழிகள் உடைவதால் வருவதுதான். அப்புறம் எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா ஆகியவற்றின் இலைகளையும் அதே மாதிரி பிடித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே புள்ளிகள் இருக்கும். வேப்பிலையில் இருக்காது.

பூவையும் பார்க்கவில்லை, காயையும் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் ஐந்தும் ரூட்டேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கும், வேம்பு அந்தக் குடும்பத்தில் இல்லை, அது மெலியேசி என்பதற்கும் கையிலேயே ஒரு தடயம் கிடைத்துவிட்டது. இலையின் உள்ளமைப்பை வைத்துச் செடிகளை அடையாளம் காணும் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. நுண்ணோக்கி இருந்தால் இன்னும் பல படி உள்ளே போகலாம்.

ஆனால் ஒன்று. கொய்யா இலையையும் நாவல் இலையையும் வெளிச்சத்தில் பிடித்தால் அவற்றிலும் புள்ளிகள் தெரியும். அவை மிர்ட்டேசி குடும்பம். அதாவது ஒரே ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நாவல் இலையின் விளிம்பை உற்றுப் பாருங்கள்: பக்க நரம்புகள் எல்லாம் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு நீண்ட நரம்பில் போய்ச் சேர்ந்துவிடும். எலுமிச்சையில் அப்படி ஒரு விளிம்பு நரம்பு இல்லை. நடுநரம்பைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், மிர்ட்டேசியில் நீர் கடத்தும் திசுவான சைலத்தின் இரு பக்கமும் உணவு கடத்தும் திசுவான ஃபுளோயம் இருக்கும். ரூட்டேசியில் உட்பக்க ஃபுளோயம் கிடையாது. இப்படி இரண்டு மூன்று அடையாளங்கள் கைகோத்து வந்தால்தான் நம்பலாம்.

பூவே இருக்கும்போது இலை எதற்கு?

பூக்கும் தாவரங்களைப் பிரிக்கப் பூவை நம்புவதுதான் பழைய வழக்கம். 1753-இல் லின்னேயஸ் மகரந்தத் தாள்களை எண்ணித்தான் தாவரங்களை வகுப்புகளாகப் பிரித்து வைத்தார். இன்றும் களத்தில் ஒரு செடியைப் பெயரிட வேண்டுமென்றால் தாவரவியலாளர் முதலில் தேடுவது பூவைத்தான். அதில் தவறு ஒன்றுமில்லை.

ஆனால் பூ எப்போதும் கிடைப்பதில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியில் பூ இருக்காது. யானையோ மானோ என்ன தின்றது என்று அதன் சாணத்தைக் கரைத்துத் தேடும்போது கிடைப்பது புறத்தோல் துணுக்குகள் மட்டும்தான். பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவங்களில் பூக்களை விட இலைகளே அதிகம் அகப்படுகின்றன. அவற்றிலும் இலையின் மேல் படிந்த கியூட்டிக்கிள் என்ற மெழுகுப் படலம் சிதையாமல் தங்கியிருக்கும், அடியில் இருந்த செல்களின் அச்சு அதில் அப்படியே பதிந்திருக்கும். இந்த இடங்களில் எல்லாம் இலையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இலைக்குள் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளியில் படித்ததுதான். மேலும் கீழும் புறத்தோல். அதில், பெரும்பாலும் கீழ்ப்பக்கம், இலைத்துளைகள். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு காப்பு செல்கள். நடுவில் பச்சையம் நிறைந்த இலையிடைத் திசு: மேல்பக்கம் நெருக்கமாக நிற்கும் பாலிசேட் செல்கள், கீழ்ப்பக்கம் இடைவெளி விட்டுக் கிடக்கும் ஸ்பாஞ்சி செல்கள். இவற்றின் ஊடே நரம்புகள், அதாவது சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த வாஸ்குலார் கற்றைகள். இவை போக, புறத்தோலில் முளைக்கும் முடிகள், செல்களுக்குள் சேரும் படிகங்கள், எண்ணெய்க் குழிகள், பால் குழாய்கள். அடையாளம் காண்பவருக்கு இந்தக் கடைசி வாக்கியத்தில் இருப்பவைதான் பொக்கிஷம்.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

இந்தத் துறையில் நுழைபவருக்கு முதலில் பிடிபட வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன். இலையில் காணும் எல்லாமே பரம்பரையாக வந்தவை அல்ல. வெயிலில் அலைந்தால் யார் முகமும் கறுக்கும். மூக்கு மட்டும் தாத்தாவுடையதுதான். இலையிலும் அப்படி இரண்டு வகை உண்டு.

ஒரே மாமரத்தில் உச்சிக் கிளையில் வெயில் படும் இலையையும், அடியில் நிழலில் கிடக்கும் இலையையும் வெட்டிப் பாருங்கள். வெயில் இலை தடிமனாக இருக்கும், பாலிசேட் செல்கள் நீளமாக இருக்கும். நிழல் இலை மெல்லியது. இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் விவரம் தெரியாதவர் வெவ்வேறு இனம் என்று கூடச் சொல்லிவிடுவார். ஆக இலையின் தடிமன், பாலிசேட் எத்தனை அடுக்கு, கியூட்டிக்கிள் எவ்வளவு கனம் போன்றவை செடி வாழும் இடத்தைப் பற்றி நிறையச் சொல்லும், குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சமே சொல்லும்.

அரளி இலை இதற்கு நல்ல உதாரணம். அதன் புறத்தோல் பல அடுக்கு. இலைத்துளைகள் வெளியே தெரியாது. கீழ்ப்பக்கத்தில் முடிகள் அடர்ந்த குழிகளுக்குள் பதுங்கியிருக்கும். நீர் ஆவியாவதைக் குறைக்கும் ஏற்பாடு. பார்க்க வெகு அழகாக இருப்பதால் கல்லூரி ஆய்வகங்களில் எல்லாம் இதை வெட்டச் சொல்வார்கள். ஆனால் வறண்ட நிலத்துக்கு ஏற்ற இத்தகைய ஏற்பாடுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குடும்பங்களிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. அரளியை அரளி என்று சொல்ல அந்தக் குழிகள் உதவும். அரளியின் சொந்தக்காரர்கள் யார் என்று சொல்ல உதவாது.

நம்பத் தகுந்தவை எவை? இலைத்துளையைச் சுற்றியுள்ள செல்களின் அமைப்பு, முடிகளின் வகை, படிகங்களின் வகை, எண்ணெயும் பாலும் சுரக்கும் அமைப்புகள், நரம்பில் திசுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் இவற்றின் அடிப்படை வகை எளிதில் மாறுவதில்லை. முடி அடர்த்தியாக இருக்கலாம், குறைவாக இருக்கலாம். ஆனால் நட்சத்திர வடிவ முடி ஒற்றை முடியாக மாறிவிடாது.

இலைத்துளையின் அக்கம்பக்கம்

இலைத்துளையின் இரண்டு காப்பு செல்களையும் ஒட்டி இருக்கும் செல்களைத் துணை செல்கள் என்பார்கள். அவை எத்தனை, எப்படி நிற்கின்றன என்பதைக் கவனித்தால் பெரிய குடும்பங்கள் சில சட்டென்று பிரிந்துவிடும். பிரெஞ்சுக்காரரான வெஸ்க் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வகைகளுக்குக் குடும்பங்களின் பெயரையே வைத்தார். 1950-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து மெட்காஃபும் ஆக்ஸ்ஃபோர்டின் சாக்கும் இருவிதையிலைத் தாவரங்களின் உள்ளமைப்பைத் தொகுத்தபோது, வடிவத்தைச் சொல்லும் பெயர்களாக மாற்றினார்கள். பாடநூல்களில் இரண்டும் கலந்தே கிடக்கும், குழம்ப வேண்டாம்.

காபி, இட்லிப்பூ, நுணா ஆகியவற்றின் இலையில் துளையின் இரு பக்கமும் துளைக்கு இணையாகப் படுத்த இரண்டு துணை செல்கள் இருக்கும். இது பாராசைட்டிக். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸில் துளையைச் சுற்றி மூன்று செல்கள். அதில் ஒன்று மற்ற இரண்டையும் விடத் தெளிவாகச் சிறியது. இது அனைசோசைட்டிக், கத்தரி, ஊமத்தை உள்ள சொலானேசியிலும் இதைப் பார்க்கலாம். துளசியிலும் நிலவேம்பிலும் இரண்டு துணை செல்கள் உண்டு, ஆனால் அவை துளைக்குக் குறுக்கே சந்திக்கும். அதாவது இரண்டும் சந்திக்கும் சுவர், துளையின் நீளத்துக்குச் செங்குத்தாக இருக்கும். இது டயாசைட்டிக். பூசணி, பப்பாளி போன்றவற்றில் தனியாகத் துணை செல் என்று சொல்ல எதுவுமே இருக்காது. சாதாரணப் புறத்தோல் செல்களே துளையைச் சூழ்ந்திருக்கும். இது அனோமோசைட்டிக்.

புல் குடும்பம் தனி ரகம். அதன் காப்பு செல்கள் அவரை விதை வடிவத்தில் இருக்காது. நடு ஒடுங்கி இரு முனையும் பருத்து, டம்பெல் வடிவில் இருக்கும். துளைகளும் இஷ்டத்துக்குச் சிதறாமல், நரம்புக்கு இணையாக வரிசை கட்டி நிற்கும். கோரைக் குடும்பத்திலும் இதே டம்பெல் உண்டு.

இப்போது துளசிக்கும் நிலவேம்புக்கும் வருவோம். இரண்டிலும் டயாசைட்டிக் துளை என்றால் பொடியில் எப்படிப் பிரிப்பது? இங்கேதான் அடுத்த அடையாளம் கை கொடுக்கிறது. நிலவேம்பின் புறத்தோலில் சில செல்கள் மட்டும் பெரிதாக இருக்கும். அவற்றுக்குள் சுண்ணாம்புக் கட்டி, அதாவது கால்சியம் கார்பனேட்டால் ஆன சிஸ்டோலித், உட்கார்ந்திருக்கும். துளசியில் சிஸ்டோலித் கிடையாது. பதிலாகப் புறத்தோலில் சிறு பள்ளத்துக்குள் பதிந்த எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைய இருக்கும். ஒன்று அகாந்தேசி, மற்றது லேமியேசி. நிலவேம்புப் பொடி என்று விற்கப்படுவதை நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் மருந்தியல் ஆய்வாளர் முதலில் தேடுபவற்றில் சிஸ்டோலித்தும் டயாசைட்டிக் துளையும் கட்டாயம் இருக்கும்.

படிகங்கள்

சேம்பு இலையையோ கருணைக்கிழங்கையோ பச்சையாக வாயில் வைத்தால் தொண்டை அரிக்கும். அதற்குக் காரணம் ரஃபைடு எனப்படும் ஊசிப் படிகங்கள்; கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை, ஒரு செல்லுக்குள் கட்டுக்கட்டாக அடுக்கி இருக்கும். சேம்பின் குடும்பமான ஏரேசியில் இது மிகப் பரவலானது. எல்லாக் குடும்பத்திலும் ஊசி வடிவமே இருக்காது. சிலவற்றில் பல முனைகள் நீட்டிய கொத்துப் படிகம், சிலவற்றில் தனிக் கட்டை வடிவப் படிகம், சிலவற்றில் மணல் மாதிரித் தூள்.

சொலானேசி குடும்பத்தில் இது வேடிக்கையாகப் பிரிகிறது. ஊமத்தை, பெல்லடோனா, ஹயோசயாமஸ் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான நச்சு ஆல்கலாய்டுகள் கொண்ட மருந்துச் செடிகள். உலர்ந்த இலைத் தூளாக வந்தால் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். நுண்ணோக்கியில் ஊமத்தையில் கொத்துப் படிகம் இருக்கும், பெல்லடோனாவில் மணல் படிகம், ஹயோசயாமஸில் கட்டை வடிவப் படிகம். மருந்தியல் மாணவர்கள் தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்யும் விஷயங்களில் இதுவும் ஒன்று. மனப்பாடம் செய்யத் தகுதியானதும்கூட.

ரப்பர் செடி என்று வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கிறார்களே, அதுவும் ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த ஒரு ஃபைகஸ்தான். அதன் இலையைக் குறுக்கே வெட்டினால் பல அடுக்குப் புறத்தோலுக்குள் ஒரு பெரிய செல். அதன் கூரையிலிருந்து ஒரு சின்னக் காம்பில் திராட்சைக் குலை போல சிஸ்டோலித் தொங்கும். முதல்முறை பார்ப்பவர் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க மாட்டார். அது ஆக்சலேட்டா, கார்பனேட்டா என்று சந்தேகம் வந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். கார்பனேட் குமிழி விட்டுக் கரையும். ஆக்சலேட் கரையும், ஆனால் குமிழி வராது.

முடிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. துத்தி இலை வெல்வெட்டுப் போல இருப்பதற்குக் காரணம் அதன் நட்சத்திர முடிகள். ஒரே இடத்திலிருந்து பல கரங்கள் பிரியும். சுண்டைக்காய், கத்தரி இலைகளிலும் நட்சத்திர முடி உண்டு. ஆனால் துத்தியின் மால்வேசி குடும்பத்தில் கொழகொழவென்ற சளிப் பொருள் நிறைந்த செல்கள் இருக்கும். செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்தரியில் அது இல்லை. அவுரி இலையில் வேறு விதம்: முடி நடுவில் ஒட்டிக்கொண்டு, இரு கைகளையும் நீட்டி இலைப் பரப்போடு படுத்திருக்கும். இந்த இரு கை முடி, அவுரியின் இண்டிகோஃபெரா பேரினம் முழுவதற்கும் முத்திரை மாதிரி.

புற்கள்: இலையே எல்லாம் சொல்லும் குடும்பம்

புல்லின் பூவைப் பார்த்து அடையாளம் காண்பது புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. பூ சிறியது, இதழ் கிடையாது, உமியும் செதிலுமாக இருக்கும். அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, புல்லின் இலைக்குள் அடையாளங்கள் கொட்டிக் கிடக்கின்றன. 1875-இலேயே பிரான்ஸில் துவால்-ஜூவ் என்பவர் புல் இலைகளின் உள்ளமைப்பை வைத்து வகைப்படுத்தப் பார்த்தார். 1930-களில் பிராட் என்பவர் புறத்தோலை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். இன்று டி.என்.ஏ. ஆய்வுகள் வரைந்துள்ள புல் குடும்ப மரம், அவர்கள் இலையில் பார்த்த பிரிவுகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

கரும்புத் தோகை கையைக் கிழிப்பது ஏன்? அதன் விளிம்பிலுள்ள பொடி முட்களில் சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள், படிந்திருப்பதால். புல் இலையின் புறத்தோலில் இந்தச் சிலிக்காவைச் சேமிக்கவென்றே குட்டிச் செல்கள் உண்டு. அவற்றுக்குள் சேரும் சிலிக்காக் கட்டியின் வடிவம் துணைக்குடும்பத்துக்குத் துணைக்குடும்பம் மாறும். கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, கரும்பு ஆகியவை ஒரு துணைக்குடும்பம். இவற்றில் டம்பெல் வடிவக் கட்டிகள் மலிந்திருக்கும். கேழ்வரகு வேறு துணைக்குடும்பம். அதில் குதிரைச் சேண வடிவம் முன்னிற்கும். இலை மக்கிப் போனாலும், எரிந்து சாம்பலானாலும் சிலிக்காக் கட்டி அழியாது. அதனால் தொல்லியலாளர்கள் பழைய அடுப்புச் சாம்பலிலும் மண்ணிலும் இவற்றைத் தேடி, அங்கே எந்த வகைப் புல் இருந்தது என்று கணிக்கிறார்கள். நெல் இலை வெயிலில் சுருள உதவும் பெரிய மெல்லிய செல்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் சேரும் சிலிக்கா விசிறி வடிவில் இருக்கும். சீனாவில் நெல் சாகுபடியின் தொடக்கத்தைத் தேடியவர்களுக்கு இந்த விசிறிகள் பெரிய உதவி.

குறுக்கு வெட்டில் இன்னொரு அடையாளம் தெரியும். மக்காச்சோளம் அல்லது கம்பு இலையை வெட்டினால், ஒவ்வொரு நரம்புக் கற்றையைச் சுற்றியும் பெரிய செல்கள் ஒரு வளையமாக, பச்சையம் நிறைந்து நிற்கும். அதைச் சுற்றி இலையிடைச் செல்கள் இன்னொரு வளையம். இதற்குக் கிரான்ஸ் அமைப்பு என்று பெயர். 1880-களில் ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் விவரித்தார். இதன் வேலை என்னவென்று புரிய 1960-கள் வரை ஆனது: கரியமில வாயுவைச் செறிவாக்கி உணவு தயாரிக்கும் சி4 முறைக்கு இதுதான் கட்டமைப்பு. நெல்லிலும் கோதுமையிலும் இது இல்லை. கேழ்வரகில் உண்டு, ஆனால் கற்றையைச் சுற்றி இரண்டு உறைகள். மக்காச்சோளத்திலும் கம்பிலும் ஒரே உறை. ஆக இந்தத் தானியங்களின் இலைத் துணுக்குகளைக் கலந்து கொடுத்தாலும் ஓரளவு பிரித்துவிடலாம்.

ஆனால் கிரான்ஸ் அமைப்பை மட்டும் பார்த்துச் சொந்தம் கொண்டாடக் கூடாது. முளைக்கீரையிலும், அம்மான் பச்சரிசியிலும், நெருஞ்சியிலும்கூட இது இருக்கிறது. மூன்றும் மூன்று குடும்பம், புல்லுக்கு எந்த வகையிலும் நெருக்கமில்லை. பூக்கும் தாவரங்களில் இந்த அமைப்பு 60 முறைக்கும் மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. குடும்பத்தை முதலில் வேறு அடையாளத்தால் உறுதி செய்துவிட்டு, அதற்குள் பிரிக்க இதைப் பயன்படுத்தினால் சரி.

திருநெல்வேலி நிலவாகை

இலை உள்ளமைப்பு ஒரு வியாபாரச் சண்டையில் நடுவராக நின்ற கதை நம் பக்கத்திலேயே உண்டு. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலவாகை இலை, நிலாவாரை என்றும் சொல்வார்கள், உலகச் சந்தையில் இரண்டு பெயர்களில் விற்றது: எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகம் வழியாகப் போனது அலெக்சாந்திரியா சென்னா, திருநெல்வேலிச் சீமையில் பயிராகித் தூத்துக்குடி வழியாகப் போனது திருநெல்வேலி சென்னா. முழு இலையாக இருந்தால் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். உடைந்ததும் பொடித்ததுமாக வந்தால்?

முதலில், சென்னா தானா என்று பார்க்க வேண்டும். அதன் இலையில் பாலிசேட் மேல்பக்கம் மட்டுமல்ல, கீழ்ப்பக்கமும் இருக்கும்; இரு பக்கமும் ஒத்த இலை. துளைகள் பெரும்பாலும் பாராசைட்டிக். முடிகள் ஒரே செல்லால் ஆனவை, தடித்த சுவர், மேலே சொரசொரவென்று பருக்கள், அடியில் சற்று வளைந்திருக்கும். நரம்பை ஒட்டிப் படிகங்கள் வரிசையாக நிற்கும். இந்த நான்கும் சேர்ந்து கிடைத்தால் சென்னா என்று நம்பலாம். கலப்படத்துக்குப் பயன்பட்ட இலைகளில் நம் ஆவாரையும் ஒன்று. அதன் முடிகள் நீளமானவை. தவிர, 80 சதவீதக் கந்தக அமிலத்தில் ஆவாரைத் துணுக்கு கருஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அலெக்சாந்திரியாவா திருநெல்வேலியா என்பதற்கு எண்ணிக்கை தேவைப்பட்டது. இலைத்துளைகளை நேரடியாக எண்ணினால் பயனில்லை; இலை பெரிதாக வளர்ந்தால் செல்கள் விரிந்து, ஒரு சதுர மில்லிமீட்டரில் உள்ள துளைகள் குறைந்துவிடும். 1927-இல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயர் ஒரு வழி சொன்னார். துளைகளின் எண்ணிக்கையை, துளைகளும் புறத்தோல் செல்களும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இலை விரிந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் அவ்வளவாக மாறாது. இதுதான் இலைத்துளைக் குறியீடு. மருந்தியல் பாடநூல்கள் தரும் கணக்குப்படி அலெக்சாந்திரியா சென்னாவுக்கு இது 11.4 முதல் 13.3 வரை, திருநெல்வேலிக்கு 17.1 முதல் 20 வரை. ஒன்றோடொன்று முட்டவே இல்லை.

இன்னொரு எண்ணிக்கையும் உண்டு. இலையைத் தெளிவாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், மிக நுண்ணிய நரம்புகள் ஒன்றோடொன்று இணைந்து குட்டிக் குட்டிப் பாத்திகளாகப் பிரித்திருப்பது தெரியும். நடுநரம்புக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை பாத்தி என்று எண்ண வேண்டும். அலெக்சாந்திரியாவில் 25 முதல் 29.5, திருநெல்வேலியில் 19.5 முதல் 22.5.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இன்றைய வகைப்பாட்டியல் இந்த இரண்டையும் தனித்தனி இனமாகக் கருதுவதில்லை. இரண்டும் சென்னா அலெக்சாந்திரினா என்ற ஒரே இனத்துக்குள் அடக்கம். வியாபாரிக்கு அவசியமான வித்தியாசம் வகைப்பாட்டாளருக்கு அவசியமாக இருக்க வேண்டியதில்லை. அடையாளம் காண்பது ஒரு வேலை, உறவு சொல்வது வேறு வேலை. எண்ணிக்கையில் வரும் வேறுபாடு முதல் வேலைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது.

உறவு சொல்லும் இலை

அப்படியானால் இலை உறவே சொல்லாதா? சொல்லும், சில சமயம் பூவை விடத் தெளிவாக. மிளகு, வெற்றிலை, லவங்கப்பட்டை, செண்பகம், சீத்தா, ஜாதிக்காய் என்று ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். மிளகின் பூ ஒரு திரியில் ஒட்டிய பொடி, இதழே கிடையாது. செண்பகப் பூவில் இதழும் மகரந்தத் தாளும் ஏராளம். லின்னேயஸ் தாள்களை எண்ணி மிளகை இரண்டு தாள் வகுப்பிலும், லவங்கத்தை ஒன்பது தாள் வகுப்பிலும், செண்பகத்தையும் சீத்தாவையும் பல தாள் வகுப்பிலும் போட்டார். பூவைப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் இவற்றின் இலையை வெட்டினால் எல்லாவற்றிலும் ஒரே காட்சி: இலையிடைத் திசுவில் ஆங்காங்கே உருண்டையான தனிச் செல், உள்ளே நறுமண எண்ணெய். கறிவேப்பிலையில் இருப்பது பல செல்கள் சேர்ந்து உண்டாக்கும் குழி. இது அப்படியல்ல, ஒரே ஒரு செல். பூக்கும் தாவரங்களின் உறவுகளை ஆராயும் தாவரவியலாளர் குழு ஒன்று 1998 முதல் வெளியிட்டுவரும் ஏ.பி.ஜி. வகைப்பாடு, டி.என்.ஏ. அடிப்படையில் இவை அனைத்தையும் மேக்னோலிட் என்ற ஒரே கிளையில் வைத்திருக்கிறது.

அகாந்தேசியிலும் இப்படி ஒன்று உண்டு. நிலவேம்பில் சிஸ்டோலித் உண்டு என்றேன் அல்லவா? ஆடாதோடையிலும் உண்டு. அதே குடும்பத்தின் கனகாம்பரத்திலும், கழிமுகங்களில் வளரும் கழுதைமுள்ளியிலும் அது இல்லை. டி.என்.ஏ. பார்த்தபோது கனகாம்பரமும் கழுதைமுள்ளியும் ஒரு கிளையாகவும், சிஸ்டோலித் உள்ளவை வேறொரு கிளையாகவும் பிரிந்தன. ஒரு சுண்ணாம்புக் கட்டி இருக்கிறதா இல்லையா என்பது, ஒரு குடும்பம் எங்கே கிளை பிரிந்தது என்பதற்கு அடையாளமாக நிற்கிறது.

நீங்களே பார்க்க

பள்ளி ஆய்வக நுண்ணோக்கி போதும். நிறமில்லாத நெயில் பாலிஷை இலையின் அடிப்பக்கம் மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காய விடுங்கள். அதன் மேல் செல்லோடேப் ஒட்டி உரித்து எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் புறத்தோலின் அச்சு கிடைத்துவிடும். இட்லிப்பூ இலையில் தொடங்குங்கள், பாராசைட்டிக் துளை எளிதாகப் பிடிபடும். அடுத்து முட்டைக்கோஸின் வெளி இலை, பிறகு ஏதாவது ஒரு புல். ஊதா அடிப்பக்கம் கொண்ட ரியோ செடி கிடைத்தால் நெயில் பாலிஷே வேண்டாம். இலையைக் கிழித்தால் தோல் தானாக உரிந்து வரும், துளையைச் சுற்றி நான்கு துணை செல்கள் பளிச்சென்று தெரியும்.

துத்தி போல முடி அடர்ந்த இலைக்கு இந்த முறை சரிவராது. அதற்குப் பிளேடால் லேசாகச் சுரண்டி, வந்த முடியை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதே மேல். குறுக்கு வெட்டுக்கு, கேரட் துண்டைப் பாதி பிளந்து, இலைத் துணுக்கை நடுவில் செருகி, புது பிளேடை நனைத்துக்கொண்டு கேரட்டையும் இலையையும் சேர்த்து மெல்லியதாகச் சீவுங்கள். இருபது சீவல் சீவினால் இரண்டு நன்றாக வரும். சாஃப்ரானின் சாயம் ஒரு சொட்டு விட்டால் சைலம் சிவந்து தெரியும்.

ஒரு இலையின் ஒரே துளையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சில செடிகளில் ஒரே இலையில் இரண்டு வகைத் துளைகள் கலந்திருக்கும், இளம் இலையில் துணை செல்கள் முழுதாக உருவாகியும் இருக்காது. முற்றிய இலையாக எடுத்து, பத்துப் பதினைந்து துளைகளையாவது பார்த்துவிட்டு, எந்த வகை அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு முடி என்ன வகை, படிகம் என்ன வகை, எண்ணெய்க் குழி உண்டா என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.